கைகாட்டி எந்தப் பக்கம்?

"ஒகேனக்கல்லா? சூப்பர்! அப்போ தினமும் ஃபால்ஸ்லதான் குளிப்பியா?"

இன்ஜினீயரிங் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் வலிக்குது. இல்லை மக்களே, நாங்களும் பக்கெட்டில் தண்ணி பிடிச்சுத்தான் குளிக்கிறோம். அருவி உங்களுக்குத்தான் டூரிஸ்ட் ஸ்பாட். எனக்கு அது அப்பாவோட ஆபீஸ். அப்பா பரிசல் ஓட்டுகிறார்.

அடுத்த கேள்வியும் ரெடியாக வரும். "உங்க ஊருக்கு எந்த ட்ரெயின்ல வரணும்?"

ட்ரெயினா? எங்க ஊருக்கு ரயிலே கிடையாது. தருமபுரியில் இறங்கி, பென்னாகரம் வழியாக பஸ் பிடித்து, சுமார் 46 கிலோமீட்டர் வரணும். கடைசியில் காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும்போது, காலையில் சாப்பிட்ட இட்லி இரண்டு தடவை நலம் விசாரிக்கும். இப்படிப்பட்ட ஊர்க்காரியான என்னிடம், பயிற்சி நிருபராகச் சேர்ந்த இரண்டாவது வாரமே உதவி ஆசிரியர் ஒரு வேலை கொடுத்தார்.

"உங்க மாவட்டத்துல காணாமப் போன ரயில் ஒண்ணு இருக்கு. அதோட பழைய ஸ்டேஷன் போட்டோ ஏதாவது கிடைக்குதா பாரும்மா. ஒரு பக்கம் பண்ணிடலாம்."

நான் ஈ.சி.இ. மூன்றாம் வருஷம். 'சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்' பேப்பரை முட்டி மோதிப் பாஸ் பண்ணியவள். ஆனா அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒரு சிக்னல்தான் அடுத்த இரண்டு மாசம் என்னை ஆட்டிவைக்கப் போகுதுன்னு அப்போ தெரியாது.

முதலில் அந்தக் காணாமப் போன ரயில். ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் கிளம்பியது. அடுத்த ஐந்தாறு வருஷத்துக்குள் மெட்ராஸ் ரயில்வேக்காரர்கள் ஜோலார்பேட்டை, மொரப்பூர், சேலம் என்று பாதை போட்டுக்கொண்டே போய் மேற்குக் கடலையே தொட்டுவிட்டார்கள். முப்பது கிலோமீட்டர் பக்கத்திலிருந்த தருமபுரி மட்டும் ஓரமா நின்னு வேடிக்கை பார்த்தது. அப்புறம் 1876-78 பெரும் பஞ்சம். சேலம் ஜில்லா அதில் படாத பாடு பட்டது. (தருமபுரி அப்போது சேலத்துக்குள்தான் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1965-ல்.) பாதை இருந்தால்தான் பஞ்ச காலத்தில் தானியம் வந்து சேரும் என்ற கணக்கில், பிற்பாடு பஞ்சப் பாதுகாப்புப் பாதைகள் என்றே சில போட்டார்கள். அதில் ஒன்று மொரப்பூர் - தருமபுரி. 1906 ஜனவரியில் ஓட ஆரம்பித்த குட்டி ரயில் அது. தண்டவாளத்துக்கு நடுவில் இரண்டரை அடிதான் இடைவெளி, அதாவது நேரோ கேஜ். 1913-ல் அது ஓசூர் வரைக்கும் நீண்டது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1941-ல் பாதையை மூடி, தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மொத்தம் 35 வருஷம். ஒரு ஆள் வேலைக்குச் சேர்ந்து ரிட்டயர் ஆகிற காலம்.

இன்றைக்கு தருமபுரியில் நீங்கள் ஏறும் ரயிலுக்கும் அந்த ரயிலுக்கும் சம்பந்தமே இல்லை. இது 1960-களில் சேலம் - பெங்களூருக்கு இடையில் மீட்டர் கேஜாகப் போட்டு, 1990-களில் அகலப்பாதையாக மாற்றிய லைன். மொரப்பூர் - தருமபுரிக்கு மறுபடியும் 36 கி.மீ. பாதை போடுவதாக 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். எங்க மாவட்டத்தில் மூன்று தலைமுறையா கேட்டுக்கிட்டிருக்கிற கோரிக்கை அது.

சரி, போட்டோவுக்கு வருவோம்.

பழைய ரயில் படங்களைத் தேட ஆரம்பித்ததும் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அந்தக் காலத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு எதைப் பிடிக்கச் சொன்னார்களோ அதைத்தான் பிடித்தார்கள். பாலம், புது இன்ஜின், தொப்பி போட்ட துரைமார் வரிசை. ரயில் அருங்காட்சியகத்தின் சுவரிலும் சரி, கம்ப்யூட்டரில் வரும் பழைய ஆல்பங்களிலும் சரி, இதே மூன்றுதான் திரும்பத் திரும்ப வருது. சின்ன ஊர் ஸ்டேஷனையும் அதன் சிக்னலையும் யார் படம் பிடிப்பார்கள்? சிக்னல் படத்துக்குள் வந்ததெல்லாம் தற்செயலாக, ஒரு ஓரத்தில், கல்யாண ஆல்பத்தில் பந்திக்குப் பின்னாடி எட்டிப் பார்க்கும் பையன் மாதிரி.

அந்த ஓரங்களைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர் ஜோலார்பேட்டைப் பக்கம் வசிக்கும் ஓய்வுபெற்ற சிக்னல் ஆய்வாளர் ஒருவர். வாழ்க்கை முழுக்க கம்பம் ஏறியவர். இப்போ முட்டி வலியில் மாடிப்படி ஏற மாட்டார். அவர் வீட்டு ஹாலில் நான் நீட்டிய முதல் படத்தைப் பார்த்ததும் கீழே இருந்த குறிப்பைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டார்.

"எழுதியிருக்கறதைக் கடைசியில படி பாப்பா. முதல்ல கைகாட்டியைப் பாரு."

கைகாட்டி! செமஃபோர் என்று புத்தகத்தில் படித்ததை நம்ம ஆட்கள் எவ்வளவு அழகாகத் தமிழாக்கியிருக்கிறார்கள் பாருங்கள். கம்பத்தில் ஒரு கை. அது காட்டும், இவர்கள் போவார்கள். ரோட்டு முக்கில் ஊர்ப்பெயர் எழுதி நிற்கும் பலகைக்கும் அதே பெயர்தான். கைகாட்டி என்ற பெயரிலேயே தமிழ்நாட்டில் பஸ் ஸ்டாப்புகள் இருக்கு.

இந்தக் கையை ரயிலுக்கு முதன்முதலில் பொருத்தியவர் சார்லஸ் ஹட்டன் கிரிகோரி என்ற இன்ஜினீயர், 1840-களின் தொடக்கத்தில், லண்டனின் நியூ கிராஸ் பகுதியில். அதற்கு முன்னால் கொடி, விளக்கு, கம்பத்தில் ஏற்றி இறக்கும் பந்து என்று என்னென்னவோ வைத்துச் சமாளித்தார்கள். ஆரம்பகாலக் கைகாட்டிகளில் ஒரு விசேஷம் உண்டு. மரக் கம்பத்தை நடுவில் பிளந்து ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். கை நேராக நீட்டினால் 'நில்'. சாய்ந்தால் 'பார்த்துப் போ'. கை முழுசா பள்ளத்துக்குள் போய் ஒளிந்துகொண்டால் 'தாராளமாப் போ'. கை தெரியவில்லை என்றால் போகலாம்! இன்றைக்கு ஒரு முதல் வருஷ மாணவன் இப்படி டிசைன் பண்ணினால் புரொஃபசர் பேப்பரை மூஞ்சியில் விட்டெறிவார்.

1876 ஜனவரியில் இங்கிலாந்தின் அபாட்ஸ் ரிப்டன் என்ற இடத்தில் அதற்கான விலையைக் கொடுத்தார்கள். கடும் பனி. பள்ளத்துக்குள் பனி புகுந்து உறைந்ததில் கை உள்ளேயே மாட்டிக்கொண்டது. சிக்னல்மேன் 'நில்' என்று லீவரைத் தள்ளியும் வெளியே வரவில்லை. லண்டன் போகும் எக்ஸ்பிரஸ், முன்னால் நின்ற நிலக்கரி வண்டியில் மோதியது. எதிர்த் திசையில் வந்த இன்னொரு எக்ஸ்பிரஸ் அந்தச் சிதைவுக்குள் பாய்ந்தது. பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கப்புறம்தான் கையைப் பள்ளத்திலிருந்து வெளியே எடுத்துக் கம்பத்துக்குப் பக்கவாட்டில் மாட்டும் பழக்கம் வலுத்தது. வண்டி வராத நேரத்தில் கை எப்போதும் 'நில்'லிலேயே இருக்கணும் என்ற விதியும் அதையொட்டித்தான் உறுதியானது. அதனால், பழைய படத்தில் கம்பத்தில் பள்ளம் தெரியுதா, கை வெளியே மாட்டியிருக்கா என்று பார்த்தாலே காலம் ஓரளவு பிடிபட்டுவிடும்.

நம்ம ஊர்க் கைகாட்டி இறங்கினால் 'போ', நேராக நின்றால் 'நில்'. கேபினிலிருந்து கம்பி இழுத்தால் கை இறங்கும். கம்பி அறுந்துபோனால்? எதிர் எடை கையைத் தூக்கி நேராக நிறுத்திவிடும். ரிப்பேரானால் ரயில் நிற்குமே தவிர ஓடாது. இதை வீட்டில் அப்பாவுக்கு விளக்கினேன். அவர் துடுப்பைத் துடைத்துக்கொண்டே, "கயிறு அறுந்தா பரிசல் கரைக்கு வரணும், நடு ஆத்துக்குப் போவக்கூடாது. இதுக்கு நாலு வருஷம் ஃபீஸ் கட்டிப் படிக்கணுமா?" என்றார். பிலிகுண்டுலுவில் தண்ணீர் அளவு கூடிவிட்டால் பரிசலை நிறுத்து என்று உத்தரவு வரும் ஊர் எங்களுடையது. அப்பா உத்தரவுக்கு முன்னாலேயே தண்ணியோட நிறத்தைப் பார்த்துப் பரிசலைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அவரிடம் ஃபெயில்-சேஃப் பற்றிப் பாடம் எடுக்கப் போனது என் குற்றம்தான்.

ஆய்வாளர் சொல்லிக் கொடுத்ததில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, டிரைவர் பார்வையில் கை எப்பவும் கம்பத்துக்கு இடது பக்கம்தான் நீட்டும். கம்பத்தைத் தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் நட்டிருந்தாலும் சரி, கை இடதுதான். இரண்டு, பெயின்ட். டிரைவர் பார்க்கும் முன்பக்கம் சிவப்பு, அதன் மேல் வெள்ளைப் பட்டை. பின்பக்கம் வெள்ளை, அதன் மேல் கறுப்புப் பட்டை.

"கறுப்பு வெள்ளைப் படத்துல சிவப்பை எப்படி சார் கண்டுபிடிக்கிறது?" என்றேன். அதற்கு பதில் எங்க காலேஜ் போட்டோகிராஃபி கிளப் சீனியரிடம் கிடைத்தது. அந்தக் காலக் கண்ணாடி நெகட்டிவ்களுக்குச் சிவப்பு நிறம் உறைக்கவே உறைக்காது. நீலம் வெளுத்து விழும், சிவப்பு கறுப்பாக விழும். அதனால்தான் பழைய படங்களில் வானம் வெளிறிப்போய் இருக்கிறது, வெற்றிலை போட்ட உதடு மை பூசினது மாதிரி இருக்கிறது. ஆக, கை கறுப்பாக, பட்டை வெளுப்பாக இருந்தால் நீங்கள் பார்ப்பது முன்பக்கம். கை வெளுப்பு, பட்டை கறுப்பு என்றால் பின்பக்கம். முன்பக்கம் என்றால் கை இடது பக்கம் நீட்டணும், பின்பக்கம் என்றால் வலது பக்கம். அவ்வளவுதான் ஃபார்முலா. செமஸ்டருக்கு இதைவிடக் கொடூரமான ஃபார்முலா எல்லாம் மனப்பாடம் பண்ணியிருக்கோம் இல்லையா?

இப்படி நான் ஊர் ஊராக அலைந்துகொண்டிருக்க, படம் என் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் இருந்தது.

ஊட்டமலையில் மீன் வறுவல் கடை போட்டிருக்கும் ஆயாவை எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். எண்பது வயசு தாண்டியும் வாணலி முன்னால் நிற்கிறவர். இடது கையால்தான் மீனைப் புரட்டுவார். லீவுக்கு வந்திருந்த நான் ரயில், போட்டோ என்று பேச்சை எடுத்ததும், "எங்க தாத்தா ரயில்லதான கண்ணு வேலை பார்த்தாரு. கைகாட்டிக்காரரு. வூட்ல படம் இருக்குதே" என்றார் சாதாரணமாக, உப்பு இருக்கு என்று சொல்வது மாதிரி.

படம் சாமி படங்களுக்கு நடுவில் தொங்கியது. பொட்டு வைத்து, வைத்து, ஒரு மூலையில் கண்ணாடியே சிவப்பாகிவிட்டது. கழுத்துவரை பட்டன் போட்ட கோட்டு, தலைப்பாகை, மீசை. கம்பத்தின் ஏணிக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்கிறார். கையில் ராந்தல். தலைக்கு மேலே கைகாட்டி, நேராக நீட்டிக்கொண்டு. காலுக்கு முன்னால் தண்டவாளமும் கட்டைகளும் தெளிவாகத் தெரிகின்றன. தினமும் சாயங்காலம் ஏணியில் ஏறி மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிவைத்துவிட்டு இறங்குவது அவர் வேலை.

"தருமபுரி ஸ்டேசன்ல எடுத்தது. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே ரயிலை நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் பொழப்புக்கு இந்தப் பக்கம் வந்துட்டோம்" என்றவர், படத்தில் ராந்தல் இருந்த கையைத் தொட்டுக் காட்டினார். "பாத்தியா? எடது கை. எங்க தாத்தாவும் நொட்டாங்கைதான். எனக்கு அவுருகிட்டேருந்து வந்ததுதான் இது. பள்ளிக்கூடத்துல எடது கையால எழுதுனா வாத்தியார் ஸ்கேலால மொளியிலயே போடுவாரு. நான் அளுதுக்கிட்டு வருவேன். எங்கம்மா என்னை இந்தப் படத்துக்கு முன்னாடி நிறுத்தி, 'உன் தாத்தா இந்தக் கையாலதான் ரயிலையே நிறுத்துனாரு, போ'ன்னு சொல்லும்."

நான் போனில் படம் எடுத்தேன். அனுமதி கேட்டு, அடுத்த நாள் சட்டத்தைக் கழற்றி, பென்னாகரத்தில் ஒரு கடையில் பெரிய ரெசல்யூஷனில் ஸ்கேன் பண்ணினேன். உதவி ஆசிரியருக்கு அனுப்பியதும் அவர் போனிலேயே குதித்தார். "கலக்கிட்டம்மா! கவர் ஸ்டோரி மேட்டர்!" மறுநாளே லே-அவுட் வந்துவிட்டது. அரைப் பக்கத்துக்குப் படம், கீழே 'தருமபுரியின் முதல் ரயில் நிலையம்' என்று கொட்டை எழுத்து.

அன்று ராத்திரி லேப்டாப்பில் படத்தைப் பெருசு பண்ணிப் பார்த்தபோதுதான் கைகாட்டியைக் கவனித்தேன்.

கை கறுப்பு, பட்டை வெளுப்பு. முன்பக்கம். ஆனா கை நீட்டியிருப்பது வலது பக்கம்.

ஒரு தடவை கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். ஆய்வாளருக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது. "படம் திரும்பியிருக்கு பாப்பா. கண்ணாடி நெகட்டிவை மாத்தி வெச்சுப் பிரின்ட் போட்டிருக்கான். கோட்டைப் பாரு."

பார்த்தேன். ஆம்பிளைகள் கோட்டில் இடது மடிப்பு வலதுக்கு மேலே வரும். படத்தில் வலது மடிப்பு மேலே. சட்டத்தின் பின்னாடி, படம் பிற்காலத்தில் சேலத்து ஸ்டுடியோ ஒன்றில் காப்பி போட்டது என்பதற்கான முத்திரை வேறு. கம்ப்யூட்டரில் படத்தை இடம் வலமாகப் புரட்டினேன். கைகாட்டி தன் இடத்துக்கு, இடது பக்கத்துக்கு வந்தது. கோட்டு சரியானது. ராந்தல் வலது கைக்குப் போனது.

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எனக்குள் இருந்த இன்ஜினீயரிங் பேய் சும்மா இருக்குமா? காலுக்கு முன்னால் கட்டைகள் முழு நீளமும் தெரிகிறதே என்று அளக்க உட்கார்ந்தேன். இந்திய ரயில் பாதைகளில் மரக்கட்டைக்கு நிலையான அளவு உண்டு. நேரோ கேஜுக்கு ஐந்தடிக் கட்டை, நடுவில் இரண்டரை அடி இடைவெளி. அதாவது கட்டையில் சரிபாதி. மீட்டர் கேஜுக்கு ஆறடிக் கட்டை, இடைவெளி பாதிக்குக் கொஞ்சம் மேலே, 0.55 வரும். அகலப்பாதைக்கு ஒன்பதடிக் கட்டை, ஐந்தரை அடி இடைவெளி, 0.61. படத்தில் பிக்சல் எண்ணினேன். கேமராவுக்கு நேராகக் கிடந்த மூன்று கட்டைகளில் கணக்குப் போட்டேன். 0.60, 0.61, 0.60.

இன்னொரு வழியிலும் பார்த்தேன். நேரோ கேஜின் இடைவெளி 76 சென்டிமீட்டர், தாத்தாவின் இடுப்புவரைகூட வராது. படத்தில் தண்டவாளங்களின் இடைவெளியோ அவர் உயரத்துக்கே கிட்டத்தட்ட இருந்தது. எப்படிப் பார்த்தாலும் அது அகலப்பாதை. தருமபுரிக்கு அகலப்பாதை வந்தது 1990-களில். தாத்தா அப்போது உயிரோடு இல்லை.

படம் தருமபுரியில் எடுத்தது இல்லை.

எங்கே எடுத்தது? அகலப்பாதையும் நேரோ கேஜும் சந்தித்த இடம் மொரப்பூர். அங்கே எடுத்திருக்க எல்லா வாய்ப்பும் இருக்கு. 1908-ல் மெட்ராஸ் ரயில்வேயைப் பிரித்தபோது ஜோலார்பேட்டைக்குத் தெற்கே இருந்த பாதை முழுக்க, மொரப்பூரும் குட்டி ரயில்களும் உட்பட, தென்னிந்திய ரயில்வே கைக்குப் போனது. ஒரே கம்பெனி என்பதால் ஒரு ஆளை இங்கிருந்து அங்கே மாற்றுவது சுலபம். ஆனா அதே வரிசையில் வேறு ஸ்டேஷன்களும் உண்டு. கட்டை எது இல்லை என்று சொல்லும், எது என்று சொல்லாது.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. ஸ்டோரி போச்சே என்ற கவலை கொஞ்சம். இன்டர்ன்ஷிப் சர்டிஃபிகேட் பற்றிய கவலை நிறைய. ஆனா அதையெல்லாம் தாண்டி, ஸ்கேல் அடி வாங்கின ஒரு சின்னப் பொண்ணு அந்தப் படத்துக்கு முன்னால் வந்து வந்து நின்றாள். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு கிளிக்கில் நான் அவளோட தாத்தாவின் கையை மாற்றிவிட்டேன். இதை அவரிடம் சொல்லணுமா? சொல்லாவிட்டால் யாருக்கு நஷ்டம்?

ஹாஸ்டல் தோழிகள் இரண்டு கட்சியானார்கள். "எண்பது வயசுப் பாட்டிகிட்டப் போய் இதைச் சொல்லி நீ என்னடி சாதிக்கப் போற? கேப்ஷனை மட்டும் மாத்து, கையை விட்டுடு" என்றது ஒரு கட்சி. "படத்தை அச்சுல சரியாத் திருப்பிப் போட்டா ஆயா பார்க்க மாட்டாங்களா? அப்போ என்ன சொல்லுவ?" என்றது இன்னொன்று. திருப்பாமல் அப்படியே அச்சடிக்கலாம்தான். ஆனா கைகாட்டி தெரிந்த ஒரே ஒரு ரயில்வேக்காரர் பார்த்தால்கூடச் சிரிப்பார். அதைவிட, தாத்தா தினமும் ஏறி இறங்கிய கம்பத்தையே தப்பான பக்கம் காட்டுவதும் அவருக்கு மரியாதை இல்லை என்று எனக்குப் பட்டது.

உதவி ஆசிரியரிடம் முதலில் சொன்னேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்போ தருமபுரி ஸ்டேஷன் படம் இல்லையா நம்மகிட்ட?" என்றார். இல்லை சார் என்றேன். "சரி, பக்கத்தை ஒரு வாரம் தள்ளி வைக்கிறேன். வீட்டுக்காரங்ககிட்ட நீயே பேசிடு. நம்ம பத்திரிகையில பார்த்து அவங்க தெரிஞ்சுக்கக் கூடாது." அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவருக்கு ஒரு சல்யூட்.

சனிக்கிழமை காலையில், கூட்டம் சேர்வதற்கு முன்னால், இரண்டு பிரின்ட்டோடு ஆயா கடைக்குப் போனேன். ஒன்று பழையபடி, ஒன்று திருப்பியது. கைகாட்டியில் ஆரம்பித்தேன், கோட்டுப் பட்டனுக்கு வந்தேன். ஆயா மீனுக்கு மசாலா தடவுவதை நிறுத்தவே இல்லை. பட்டன் விஷயம் வந்ததும் கையைக் கழுவிவிட்டு இரண்டு படத்தையும் வாங்கி மாறி மாறிப் பார்த்தார். நான் அவசரமா, "ராந்தலை எந்தக் கையில பிடிச்சாருங்கறதை வெச்சு மட்டும் எந்தக் கைக்காரர்னு சொல்ல முடியாது ஆயா. போட்டோக்காரர் சொன்ன கையில பிடிச்சிருப்பாரு" என்றேன். அது ஆறுதலுக்குச் சொன்னது இல்லை, நிஜமும் அதுதான்.

ஆயா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்போ எனக்கு இது யாருகிட்டேருந்து கண்ணு வந்துச்சு?"

எனக்குப் பதில் வரலை.

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமோ?" என்றார், தனக்குத்தானே கேட்பது மாதிரி. "அவுங்க அப்பன் எந்தக் கையால சோறு தின்னாருன்னு பெத்த பொண்ணுக்குத் தெரியாமயா இருக்கும்? தெரிஞ்சேதான் என்னை அந்தப் படத்துக்கு முன்னாடி நிறுத்தியிருக்கா. கள்ளி!" சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கொஞ்சம் கண்ணும் கலங்கியிருந்தது. மிளகாய் நெடி என்று சொல்லிக்கொண்டார்.

அடுத்தது ஊர். தருமபுரி இல்லை என்றதும்தான் அவருக்குக் கோபம் வந்தது. கை விஷயத்தைவிட அது பெருசாப் பட்டது போல. "எங்க வூட்ல எல்லாரும் தருமபுரின்னுதான் சொல்லுவாங்க. நீ கட்டையை அளந்துட்டு இல்லேங்குற" என்றார். நான் பிரின்ட்டில் பென்சிலால் கோடு போட்டு, ஒரு மீன் குச்சியை வைத்தே அளந்து காட்டினேன். நேரோ கேஜ் என்றால் குச்சியில் பாதி வரணும். வரவில்லை. ஆயா குச்சியை வாங்கி அவரே இரண்டு கட்டையை அளந்தார். அப்புறம் ஒண்ணும் பேசவில்லை.

"தாத்தா மொரப்பூர்லயும் வேலை பார்த்தாரா ஆயா?"

"சம்பளம் வாங்க மொரப்பூரு போவாருன்னு சொல்லுவாங்க. வேலை பார்த்தாரான்னு யாரு கண்டா?"

பக்கம் அடுத்த வாரம் வருகிறது. படம் சரியான பக்கம் திருப்பித்தான் போடப்போகிறோம். கீழே 'மொரப்பூர் - தருமபுரி ரயிலில் வேலை பார்த்ததாகக் குடும்பத்தார் சொல்லும் ஊழியர், ஓர் அகலப்பாதை நிலையத்தில்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரொம்ப மொக்கையா இருக்கு என்று லே-அவுட் அண்ணன் சொன்னார். இருக்கட்டும். தருமபுரியின் குட்டி ஸ்டேஷன் படம் எந்த வீட்டுச் சுவரிலாவது தொங்கினால் சொல்லுங்கள், கட்டையை அளக்க ஸ்கேலோடு நானே வருகிறேன்.

கிளம்பும்போது ஆயா கூப்பிட்டார். பழைய படத்தைச் சாமி படங்களுக்கு நடுவிலேயே மாட்டியிருந்தார். திருப்பிய பிரின்ட்டைக் கல்லாப்பெட்டியில் வைத்துக்கொண்டார்.

"மொரப்பூர்ல அந்தக் கைகாட்டி இப்பவும் இருக்குதா கண்ணு?"

"இல்ல ஆயா. இப்ப எல்லாம் கலர் லைட்டுதான்."

"அப்புறம் அங்க போயி எதைப் பாக்கறது?" என்றவர், இடது கையால் மீனைப் புரட்டிப் போட்டார். "ஞாயித்துக்கெழம கூட்டமா இருக்கும். திங்கக்கெழம கூட்டிக்கினு போறியா?"